கடலில் இறங்கும் முன்: பங்கோர் தீவுக்குச் செல்லும் மூத்தோருக்கு

பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார் பக்கத்துக் குடும்பங்கள் பல லூமுட் படகுத்துறைக்குப் புறப்படுகின்றன. மாசி மகத்துக்குச் சுங்கை பினாங் கெச்சில் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்துக்குச் செல்பவர்களும் பூசை முடிந்து தெலுக் நீப்பா, பாசிர் போகாக் கடற்கரைகளில் ஓரிரு நாள் தங்குவதுண்டு. அங்கே பேரப்பிள்ளைகள் நீச்சல் கண்ணாடியும் ஸ்நோர்க்கல் மூச்சுக்குழாயும் வாடகைக்கு எடுத்து வந்து, "தாத்தா, பாட்டி, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுவார்கள். போகலாமா?

பலர் போகலாம். 60 வயதைத் தாண்டிவிட்டதால் மட்டும் கடல் உங்களுக்கு ஆகாது என்று பொருளில்லை. ஆனால் மூத்தோர் கடலில் பயப்பட வேண்டியது மீனுக்கும் அலைக்கும் மட்டுமல்ல. தண்ணீருக்குள் இதயமும் மூச்சும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இந்தக் கையேடு விளக்குகிறது.

தண்ணீருக்குள் உடலில் என்ன நடக்கிறது?

கழுத்து வரை தண்ணீரில் இறங்கியதும், தண்ணீரின் அழுத்தம் கால்களில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் நெஞ்சுப் பகுதிக்கு வந்து சேர்கிறது. இதயம் அந்தக் கூடுதல் இரத்தத்தையும் இறைக்க வேண்டும். நல்ல இதயம் இதைச் சமாளிக்கும். நெடுநாள் இரத்த அழுத்தத்தால் தடித்துப்போன இதயம் தடுமாறலாம். அப்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். இடுப்பளவுக்குச் சற்று மேலான தண்ணீரிலும் இது நேரலாம்.

"தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டிய உடம்பு இது", "ஆற்றிலும் பழைய ஈயக் குட்டையிலும் நீந்தி வளர்ந்தவன் நான்" என்று சிலர் சொல்வார்கள். அந்த உழைப்பு தந்த பலம் உண்மை. ஆனால் இன்று இதயத்தின் இரத்தக் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பதை அது சொல்லாது. குட்டையில் தண்ணீர் அசையாமல் நிற்கும். கடலில் நீரோட்டம் உங்களை இழுக்கும். அதை எதிர்த்து நீந்தும்போது இதயத்தின் வேலை இன்னும் கூடும்.

புறப்படும் முன்

இதய நோய், பக்கவாதம், வலிப்பு, ஆஸ்துமா, இரத்த அழுத்தம், இனிப்பு நீர் ஆகியவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே உங்கள் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைக் கேளுங்கள். "கடலில் நீந்தலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்நோர்க்கலா, காற்று சிலிண்டருடன் முக்குளிப்பதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, மருத்துவரைப் பார்க்கும் வரை முழங்காலளவு தண்ணீருக்கு மேல் போக வேண்டாம்.

முக்குளிப்பு மையங்களில் உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் தனிக் கேள்விகள் உண்டு. பிள்ளைகள் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. அது உங்கள் உயிரைப் பற்றிய படிவம். கேள்வி புரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, உண்மையான பதிலையே கொடுங்கள்.

மருந்தும் சாப்பாடும்

வழியிலும் படகிலும் கழிவறைக்கு அலைய வேண்டுமே என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரையை நிறுத்தினால் உடலில் நீர் தேங்கும். அதே உடலோடு கடலில் இறங்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. நேரத்தை மாற்றிச் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரில் இறங்கக் கூடாது. இறங்கும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். கைநடுக்கமும் வியர்வையும் தண்ணீருக்குள் தெரியாமல் போகலாம். கரையில் இருப்பவரிடம் இனிப்புப் பானம் ஒன்று இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும், மது அருந்திய பிறகும் இறங்க வேண்டாம்.

கரையில் ஐந்து நிமிடம்

தண்ணீரில் கால் வைக்கும் முன் ஐந்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். பங்கோரில் கடல் ஒரு நாளில் இரு முறை ஏறி இரு முறை வற்றும். நீர் வற்றும் நேரத்தில் ஓட்டம் கரையிலிருந்து வெளியே இழுக்கலாம். எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைப் படகுக்காரர்களிடம் கேளுங்கள். மலாக்கா நீரிணையின் தண்ணீர் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். உங்கள் கால் தெரியாத இடத்தில் பாறையும் தெரியாது.

காலை 10 மணிக்கு முன் இறங்குவது நல்லது. கை நீளமான சட்டை அணியுங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். இனிப்பு நீரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடான மணலும் பவளப்பாறையும் காயம் உண்டாக்கினாலும் வலி தெரியாது. காலில் ஆறாத புண் இருந்தால் கடல் தண்ணீரே வேண்டாம். கடல்நீரில் உள்ள சில கிருமிகள் இனிப்பு நீர், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

தண்ணீருக்குள்

தனியாக இறங்க வேண்டாம். மிதவைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள். நீந்தத் தெரிந்தவருக்கும் அது வெட்கமில்லை. முதலில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மூச்சுக்குழாய் வழியாக நிதானமாக மூச்சு விட்டுப் பழகுங்கள். கால் தரையில் படும் ஆழத்திலேயே, கரைக்கு இணையாக நீந்துங்கள். முதல் முறை பத்து நிமிடம் போதும்.

மூச்சைப் பலமுறை வேகமாக இழுத்துவிட்டுப் பிறகு அடக்கி மூழ்காதீர்கள். திடீரென்று நினைவு தவறும். சளி பிடித்திருந்தால் மூழ்க வேண்டாம். காது அடைத்து, செவிப்பறை கிழியலாம்.

உடனே வெளியே வாருங்கள்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிடுங்கள்:

• வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல் அல்லது நிற்காத இருமல்
• நுரையான, இளஞ்சிவப்புச் சளி
• நெஞ்சு, தோள், தாடை வலி அல்லது இறுக்கம்
• தலைச்சுற்றல், குழப்பம், திடீர்க் களைப்பு

"கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று மிதந்துகொண்டிருக்க வேண்டாம். மூச்சு திணறுபவரைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். 999 எண்ணை அழையுங்கள். தீவில் சுகாதாரக் கிளினிக் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் படகேறி லூமுட் வந்து, பிறகு ஶ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு நேரமாகும். அதனால்தான் அறிகுறி சிறியதாக இருக்கும்போதே உதவி கேட்க வேண்டும்.

நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்தோ வயிற்றை அமுக்கியோ தண்ணீரை வெளியேற்ற முயலாதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கை மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

கொட்டினால், குத்தினால்

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரால் கழுவவும் வேண்டாம். வினிகரைக் குறைந்தது 30 வினாடி ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையோடு அல்லது இடுக்கியால் எடுங்கள். ஒரு சிறு புட்டி வினிகர் பையில் இருக்கட்டும். நம் கடலில் பெட்டி ஜெல்லி மீனும் உண்டு. கொட்டியபின் மூச்சு திணறினாலோ மயங்கினாலோ உடனே 999.

திருக்கை அல்லது விஷ முள் மீன் குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை 30 நிமிடமாவது வைத்திருந்தால் வலி குறையும். மரத்துப்போன பாதமுள்ளவருக்குச் சூட்டை வேறொருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கிளினிக்கில் காட்டுங்கள்.

சிலிண்டருடன் முக்குளித்தவர்களுக்கு

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக வெளியேறும். அதற்குள் மலையேறினால் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகலாம். ஆகவே காலையில் பங்கோரில் முக்குளித்துவிட்டு, மாலையில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகும் திட்டம் வேண்டாம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மலைக்கும் விமானத்துக்கும் ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். ஸ்நோர்க்கல் மட்டும் செய்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

முக்குளித்த பின் மூட்டுவலி, மரமரப்பு, நடையில் தள்ளாட்டம் வந்தால் அவசரப் பிரிவுக்குச் சென்று, "முக்குளித்தேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இதற்கான உயர் அழுத்த அறை லூமுட் கடற்படைத் தளத்தில் உள்ள இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது.

இறங்க வேண்டாம் என்று தோன்றினால், பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். கரையில் நிழலில் உட்கார்ந்து, தண்ணீரில் இருப்பவர்களை எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் எப்போதும் தேவை. அதுவும் குடும்பத்துக்குச் செய்யும் காவல்தான்.