நூல் நூற்ற இரவுகள்

நுழையும்முன்

பகல் நான்கு மணி நேரமே நீடிக்கும் நாட்டில் எஞ்சிய இருபது மணி நேரத்தை மக்கள் எவ்வாறு கழித்திருப்பர்? வெளியே பனிக்காற்று, உள்ளே ஒரே ஒரு விளக்கு. அந்நீண்ட இரவுகளை உழைப்புக்கும் இலக்கியத்துக்கும் உரிய பொழுதாக மாற்றிக்கொண்ட ஐஸ்லாந்து மக்களின் வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

இருள் சூழ்ந்த தீவு

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி அமைந்துள்ள தீவு நாடு ஐஸ்லாந்து. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்து வந்தோர் அங்குக் குடியேறினர். இன்றும் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 இலட்சம் மட்டுமே.

புவியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால், டிசம்பர் மாதத்தில் வடமுனைப் பகுதி கதிரவனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். அக்காலத்தில் தலைநகரான ரெய்க்யவிக்கில் முற்பகல் 11 மணிக்குப் பின்னரே கதிரவன் தோன்றும்; பிற்பகல் 3.30 மணியளவில் மறைந்துவிடும். வெப்பக் கடல் நீரோட்டம் ஒன்று அத்தீவின் கரையைத் தழுவிச் செல்வதால், கடலோரத்தில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை 0 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். ஆகவே, அம்மக்களைக் குளிரைவிட இருளும் தனிமையுமே மிகுதியாகச் சோதித்தன எனலாம். பழங்காலத்தில் அங்கு நெருங்கிய ஊர்கள் இல்லை. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடந்தன. பனிப்புயல் வீசினால் அண்டை வீட்டுக்குச் செல்வதும் அரிதாயிற்று.

வாழ்வா சாவா என்னும் பருவம்

ஐஸ்லாந்து உழவருக்கு ஆடே செல்வம். கோடையில் புல்லை அறுத்து உலர்த்திச் சேமித்தால்தான் குளிர்காலத்தில் ஆடுகள் உயிர் பிழைக்கும். உலர்புல் தீர்ந்தால் ஆடுகள் மடியும். ஆடுகள் மடிந்தால் அடுத்துப் பசி மனிதரைத் தாக்கும். 1783ஆம் ஆண்டு லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதங்கள் குமுறியது. அதன் நச்சுப்புகை படிந்த புல்லைத் தின்ற ஆடுகளில் பெரும்பாலானவை இறந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். இத்தகைய நிலத்தில் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்க எவராலும் இயலவில்லை. கோடையில் கத்தரித்து வைத்த ஆட்டு மயிரை நூலாகவும் துணியாகவும் மாற்றும் பணி குளிர்காலத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. ‘வாத்மால்’ எனப்பட்ட கம்பளித் துணி உடையாக மட்டுமன்றி, இடைக்காலத்தில் பணத்துக்கு ஈடாகவும் வழங்கியது.

மாலை விழிப்பு

புல்லும் மண்ணும் சேர்ந்த கட்டிகளால் எழுப்பப்பட்ட வீட்டில் ‘பாத்ஸ்தோவா’ என்னும் பொது அறை ஒன்று உண்டு. வீட்டார் உண்பதும் உறங்குவதும் வேலை செய்வதும் அங்கேதான். அந்தி சாய்ந்ததும் அனைவரும் சிறிது நேரம் உறங்குவர்; விளக்கெண்ணெயை மிச்சப்படுத்தும் வழி அது. பின்னர் மீன் ஈரல் எண்ணெய் விளக்கு ஏற்றப்படும். சதுப்பு நிலத்தில் விளையும் ஒருவகைப் புல்லின் பஞ்சே அதற்குத் திரி. விளக்கு ஏற்றியதும் தொடங்கும் இப்பொழுதுக்கு ‘க்வோல்த்வாகா’ என்று பெயர். ‘மாலை விழிப்பு’ என்பது அதன் பொருள்.

ஒருவர் கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவுவார், ஒருவர் நூற்பார், ஒருவர் காலுறை பின்னுவார். இவ்வேலைகளில் ஆண், பெண் என்னும் வேறுபாடு பெரிதாக இல்லை. சிறுவர்களுக்கும் ‘இத்தனை காலுறை’ என அளவு வகுக்கப்பட்டது. இவர்களுள் ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து உரக்கப் படிப்பார். முன்னோரின் குடிப்பகைகளையும் கடற்பயணங்களையும் கூறும் ‘சாகா’ என்னும் உரைநடைக் கதைகளும், ‘ரீமுர்’ என்னும் நெடிய கதைப் பாடல்களும் அந்த அறையில் ஒலித்தன. சமயநூல் வாசிப்புடன் அன்றைய மாலை நிறைவுறும்.

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் ஏட்டையும் குறிக்கும். நன்னூல் பாயிரமும் நூல் நூற்றலையும் நூல் இயற்றலையும் ஒப்பிட்டுக் கூறுகிறது. ஐஸ்லாந்தின் இரவுகளில் இவ்விருவகை நூலும் ஒரே விளக்கின் கீழ் இணைந்திருந்தன.

பள்ளியில்லாக் கல்வி

கேட்பதில் தொடங்கியது படிப்பதில் முடிந்தது. குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல் பெற்றோரின் கடமை என 1746ஆம் ஆண்டு ஆணை வற்புறுத்தியது. அதே ஆணை, பயனற்ற கதைகளையும் பாடல்களையும் விலக்குமாறும் அறிவுறுத்தியது. மக்கள் முதற்பகுதியை ஏற்றனர். இரண்டாம் பகுதியைப் பொருட்படுத்தவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலோர் படிக்கத் தெரிந்தோர் ஆயினர். பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டமோ 1907இல்தான் வந்தது.

அச்சிட்ட நூல்கள் அரிதாக இருந்தமையால், உழவர்களும் மீனவர்களும் கதைகளைக் கையால் படியெடுத்தனர். இப்பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. பழங்கதைகள் நாள்தோறும் செவியில் விழுந்தமையால் மொழியும் பெரிதும் சிதையாமல் நிலைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சாகாக்களை இன்றைய மாணவரும் சிறு முயற்சியுடன் படித்துணர முடிகிறது.

> தெரிந்து தெளிவோம்
> ஆர்னி மாக்னூசன் (1663–1730) என்னும் அறிஞர் ஐஸ்லாந்தின் தோல் சுவடிகளைத் தேடித் திரட்டி, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பாதுகாத்தார். 1728ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அவரது நூலகத்தின் ஒரு பகுதி அழிந்தது. எஞ்சியவற்றுள் பல சுவடிகள் 1971 முதல் ஐஸ்லாந்துக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. முதற் சுவடிகள் கப்பலில் வந்திறங்கிய நாளில் மக்கள் துறைமுகத்தில் திரண்டு வரவேற்றனர்.

மனம் சோராமை

இவ்வாழ்வை இனிமை நிறைந்ததாக மட்டும் கருதுதல் தவறாகும். அறை இருண்டது, காற்று ஈரமும் புகையும் கலந்தது. வேலையாட்களுக்கு ஓய்வு குறைவு. ஆயினும் மனம் சோராமைக்கான மூன்று கூறுகள் அங்கு அமைந்திருந்தன. கைக்கு வேலை இருந்தது. செவிக்குக் கதை இருந்தது. பக்கத்தில் மனிதர் இருந்தனர். வேலையின் பயனும் கண்ணெதிரே வளர்ந்தது. நேற்றைய கம்பளி இன்று நூலாகியது. அடுத்த வாரம் காலுறையாகியது. கதையோ நாளைய மாலையை எதிர்நோக்கச் செய்தது.

பகலொளி குன்றும்போது சிலருக்குப் பருவகால மனச்சோர்வு தோன்றுவதுண்டு. 1993இல் வெளியான ஆய்வொன்று, ஐஸ்லாந்தில் இச்சோர்வு, அமெரிக்காவின் கிழக்குக் கரைப்பகுதியைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டியது. இதற்கு மரபுவழிக் காரணம் இருக்கலாம் எனவும் ஆய்வாளர் கருதினர். ஆகவே, வாழ்க்கை முறை ஒன்றே காரணம் என முடிவு செய்யலாகாது.

இன்றைய குளிர்காலம்

இன்று பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் புவிவெப்பமே கதகதப்பூட்டுகிறது. மின்விளக்கும் வானொலியும் நகர வாழ்வும் வந்தபின் மாலை விழிப்பு மறைந்தது. ஆனால், அதன் பயன் மறையவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிற பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, நூலே கிறித்துமசுப் பரிசாயிற்று. அவ்வழக்கம் நிலைபெற்று, ஆண்டிறுதியில் புதிய நூல்கள் குவியும் பருவத்தை ‘யோலாபோகாஃப்லோத்’, அதாவது ‘கிறித்துமசு நூல்வெள்ளம்’ என அழைக்கின்றனர். பனி பெய்யும் மாலையிலும் திறந்தவெளி வெந்நீர்க் குளங்களில் அண்டை அயலார் கூடி உரையாடுகின்றனர்.

வடமேற்கில் உள்ள ஈசாஃப்யோர்துர் என்னும் சிற்றூர் மலைகளுக்கு இடையே அமைந்தது. நவம்பர் இறுதியில் மலைக்குப் பின் மறையும் கதிரவன் சனவரி இறுதியில்தான் அவ்வூர்த் தெருவை மீண்டும் எட்டிப் பார்க்கும். அந்நாளைக் ‘கதிரவன் காப்பி’ என்னும் பெயரால், காப்பியுடனும் மெல்லிய அப்பங்களுடனும் கொண்டாடுகின்றனர்.

பருவத்தை மாற்றுதல் மனிதரால் இயலாது. பொழுதைப் பயன்படுத்துதல் இயலும். ஒரு விளக்கின் எண்ணெயைக்கூட அளந்து செலவிட்ட எளிய மக்கள், அவ்வொளியில் தம் உடைக்கு இழையையும் தம் மொழிக்கு ஆயுளையும் நூற்றுக்கொண்டனர்.