அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா...!

''மச்சி, சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதே...'' இப்படி ஆரம்பிச்சு யாராச்சும் உங்க காதுல எதையாச்சும் ஓதியிருக்காங்களா? கேண்டீன்ல, ஹாஸ்டல் மொட்டை மாடியில, ராத்திரி பதினொரு மணி வாட்ஸ்அப்ல? ஆமான்னா, கங்கிராட்ஸ்! நானூறு வருஷப் பழைய நாடகம் ஒண்ணுல உங்களுக்கு ஹீரோ ரோல் கிடைச்சிருக்கு. அந்த ரோலை நானும் பண்ணியிருக்கேன். அந்தச் சோகக் கதை கடைசியில. முதல்ல ஒரிஜினலைப் பார்த்துடலாம்.

என் ஊர் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், நடுவுல துறைமுகம், வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரிகள். அதனாலயோ என்னவோ, கப்பல் வந்து போற ஊர்ல நடக்கிற கதைன்னா எனக்கு ஒரு பாசம். ஷேக்ஸ்பியரோட 'ஒத்தெல்லோ' அப்படிப்பட்ட கதைதான். வெனிஸ்ல ஆரம்பிச்சு, சைப்ரஸ் தீவுக்குப் போய், அங்கேயே முடியுது. 1604 நவம்பர் 1-ம் தேதி இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸோட அரண்மனையில இதை நடிச்சுக் காட்டியிருக்காங்க.

ஒரு கைக்குட்டையும் மூணு கொலையும்

ஒத்தெல்லோ பெரிய தளபதி. கறுப்பு நிறத்தவர், வெளியூர்க்காரர். டெஸ்டிமோனா அவரைக் காதலிச்சு, அப்பாவை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிறா. தளபதிகிட்ட வேலை பார்க்கிற இயாகோவுக்கு ஒரு பிரமோஷன் வரவேண்டியது. அது காசியோங்கிற இன்னொருத்தனுக்குப் போயிடுது. அவ்வளவுதான் பாஸ், வயிறு எரிய ஆரம்பிச்சிடுச்சு! கேம்பஸ் இன்டர்வியூவுல நமக்குக் கிடைக்காத ஆஃபர் பக்கத்து பெஞ்சுக்குப் போச்சுன்னா எப்படி இருக்கும்? அதேதான்.

இயாகோ கத்தியை எடுக்கல. காசியோ அவசரமா விலகிப் போறதைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுற மாதிரி ஒரு முணுமுணுப்பு. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லையேன்னு மழுப்பல். அப்புறம் 'சந்தேகம் மட்டும் படாதீங்க, அது பொல்லாத வியாதி'ன்னு அவனே அட்வைஸ் வேற! ஒத்தெல்லோ முதல்முதலா மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை கீழே விழுது. அது இயாகோ கைக்குப் போய், காசியோ ரூம்ல போய்க் கிடக்குது. தளபதிக்கு அது போதும், மனைவியைக் கொன்னுடறார். உண்மையைச் சொன்ன தன் மனைவி எமிலியாவை இயாகோ குத்திடறான். கடைசியில ஒத்தெல்லோ தன்னையே மாய்ச்சுக்கறார்.

இதுல என்னைத் தூக்கிப் போட்ட இடம் எது தெரியுமா? சாகுறதுக்கு முன்னாடி டெஸ்டிமோனா, காசியோவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லிக் கெஞ்சுறா. அவன் ஏற்கெனவே செத்துட்டதா நினைச்சுக்கிட்டு ஒத்தெல்லோ கேட்கல. ஆனா காசியோ சாகல. காயத்தோட வர்றான். அப்பதான் தளபதி, 'அந்தக் கைக்குட்டை உன்கிட்ட எப்படி வந்தது?'ங்கிற கேள்வியையே அவன்கிட்ட கேட்கறார். என் ரூம்ல கிடந்துச்சுன்னு ஒத்தை வரியில பதில் வருது. அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அவ உயிரோட இருந்தப்பவே கேட்டிருக்கலாமே!

நம்ம ஊரு இயாகோ

இந்தக் கதை நமக்கும் பழைய சிநேகிதம்தான். அ.மாதவையா நூறு வருஷத்துக்கு முன்னாலயே இதை 'உதயலன்'னு தமிழ் நாடகமா எழுதிட்டார். 1963-ல் வந்த 'இரத்தத் திலகம்' படத்துல சிவாஜியும் சாவித்திரியும் ஒத்தெல்லோ, டெஸ்டிமோனாவா மேடை ஏறுவாங்க. 1997-ல் ஜெயராஜ் இதை 'களியாட்டம்'னு மலையாளத்துக்குக் கொண்டுபோனார். தளபதி அங்கே தெய்யம் ஆடுற கலைஞரா மாறிட்டார். 2006-ல் வந்த 'ஓம்காரா' இந்திப் படத்துல கைக்குட்டை, இடுப்புல கட்டுற நகையாச்சு!

ஆனா இயாகோ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மகிட்ட ஒருத்தர் இருந்தார். சகுனி! எங்க திருவள்ளூர் மாவட்டம், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி தெருக்கூத்து. பொன்னேரி தாண்டி எங்க பாட்டி ஊர்ல 'பகடை துகில்' கூத்தை, தூக்கத்துல சாமி ஆடிக்கிட்டே விடிய விடிய பார்த்திருக்கேன். கட்டியங்காரன் ஜோக்குக்குச் சிரிச்ச கூட்டம், பகடை உருண்டதும் கப்சிப்!

சகுனி என்ன புதுசாவா பண்ணார்? இந்திரப்பிரஸ்தத்துப் பளபளப்பைப் பார்த்து துரியோதனனுக்கு ஏற்கெனவே வயித்தெரிச்சல். தருமருக்கு ஏற்கெனவே சூதாட்டத்துல சபலம். தப்புன்னு தெரிஞ்சே போய் உட்கார்ந்தார். ரெண்டு பேர்கிட்டயும் இருந்த ஓட்டையை சகுனி கண்டுபிடிச்சார், அவ்வளவுதான். நாடு, தம்பிங்க, தான், கடைசியா மனைவின்னு எல்லாம் போனப்புறம்தான் சபையில ஒரு கேள்வி எழும்புது. 'தன்னையே தோத்தவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?'ன்னு திரௌபதி கேட்கறா. அங்கேயும் கேள்வி லேட்!

அந்தக் கூத்துல ஒரு விஷயம் உண்டு. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏத்தி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்பு கேட்டுக்குவார். நடிப்புக்கே அவ்வளவு பயம்! நாம நிஜத்துல பண்ணி முடிச்ச அப்புறம்தானே ஸாரி கேட்கறோம்?

என் கைக்குட்டை

இப்ப என் கதை. ஆறாங்கிளாஸ்லேர்ந்து ஒண்ணா படிச்ச ஃப்ரெண்ட். ஒரே தெரு, ஒரே காலேஜ், ஒரே டிபார்ட்மென்ட். ஷேர் ஆட்டோவுல மீஞ்சூர் போய், அங்கேர்ந்து எலெக்ட்ரிக் டிரெயின். ரெண்டு பேரும் சேர்ந்து சிம்போசியத்துக்கு ஒரு பேப்பர் ரெடி பண்ணோம். அப்ப இன்னொருத்தன் வந்தான். ''மச்சி, சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதே... அவன் தனியா ஸ்டாஃப் ரூம்ல சார்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தான்.''

அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தை நானே எழுதிக்கிட்டேன். என் பேரைத் தூக்கப் பார்க்கிறான்னு முடிவு பண்ணி, முந்திக்கிட்டு என் பேரை மட்டும் போட்டுப் பேப்பரை அனுப்பிட்டேன். அவன் ஒண்ணும் கேட்கல. அன்னைலேர்ந்து நாலு மாசம் ஒரே டிரெயின், வேற வேற பெட்டி.

அப்புறம்தான் தெரிஞ்சது. அவங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லாம, இவன் விடியக்காலையில வலைக்குப் போயிட்டிருந்திருக்கான். அட்டெண்டன்ஸ் குறைஞ்சுபோச்சு. அதைச் சொல்லி சார்கிட்ட டைம் கேட்கத்தான் அன்னைக்கு ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருக்கான். பக்கத்துத் தெருவுலகூட இல்லை, அதே தெருவுல இருந்துக்கிட்டு எனக்கு இது தெரியல!

காதுல ஓதினவன் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்புறம் நான் ஏன் நம்பினேன்? அவன் என்னைவிட நல்லா இங்கிலீஷ் பேசுவான், சார் எப்பவும் அவனைத்தான் எழுப்பிப் பேசச் சொல்லுவார். அந்தப் பொறாமை எனக்குள்ள முன்னாடியே வீடு கட்டியிருந்துச்சு. வந்தவன் கதவைத் தட்டினான், திறந்துவிட்டது நான்தான்.

போய் மன்னிப்பு கேட்டேன். அவன் திட்டல. ''கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா''ன்னான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப மறுபடியும் ஒரே பெட்டியிலதான் வர்றோம். ஆனா டிபன் பாக்ஸை இன்னும் அவனவன் தனியாத்தான் திறக்கிறோம். சரியாக நாளாகும்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை யாராச்சும் ''தப்பா நினைச்சுக்காதே''ன்னு ஆரம்பிச்சா, ஸ்கிரீன்ஷாட்டோட வந்தாலும் சரி, ரெண்டு விஷயம் செய்யுங்க. 'இதை நம்பணும்னு எனக்கு ஏன் இவ்வளவு ஆசையா இருக்கு?'ன்னு உங்களையே கேளுங்க. அப்புறம் நேரா சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட போய்க் கேட்டுடுங்க. ஒத்தெல்லோ கேட்காத கேள்வி அது. நாலு மாசம் நானும் கேட்கல. நீங்களாவது இன்னைக்கே கேட்டுடுங்களேன்!