கிளைமாக்ஸில் நின்றுபோகும் சிடி

கதாநாயகன் வில்லனை நெருங்கும் நேரம் பார்த்து முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். வசனம் விக்கும். படம் அப்படியே நின்றுவிடும். விசிடி காலத்தில் செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ வாடகைக்குப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏமாற்றம். நம் நகரங்களில் வீடு தேடி வந்து தட்டு கொடுத்த செவன்டிஎம்எம், பிக்ஃபிளிக்ஸ் தொடங்கி, 1998 முதல் 2023 வரை அமெரிக்காவில் தபாலில் டிவிடி அனுப்பிய நெட்ஃபிளிக்ஸ் வரை, பல கை மாறும் தட்டு எதுவும் கீறலுக்குத் தப்பாது.

கடைசிக் காட்சியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. சிடியில் தகவல் பதிந்த தடத்தை லேசர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கிறது. ஒரு விசிடியில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். அதனால் நம் படங்கள் இரண்டு, மூன்று தட்டுகளாக வந்தன. தட்டு நிறையப் பதிந்திருந்தால் அதன் இறுதிக் காட்சிகள் விளிம்பில் இருக்கும். விரல் படுவதும் தரையில் உரசுவதும் அங்கேதான்.

ஆனாலும் கீறல் விழுந்ததெல்லாம் அழிந்துவிடுவதில்லை. தகவல் சிதறலாகவும், 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த முறைப்படி உபரிக் குறிப்புகளோடும் பதியப்படுகிறது. தடத்தில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் படிக்க முடியாமல் போனாலும் கருவி அதைக் கணக்கிட்டு மீட்டுவிடும். கணினிக் கோப்புகள் உள்ள சிடியில் இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பு அடுக்கும் உண்டு. விசிடியில் படத்துக்கு இடம் வேண்டும் என்று அந்த அடுக்கை விட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் படம் அவ்வளவு சுலபமாக உடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் தடத்தின் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கணம் குறுக்கே வெட்டிக் கடக்கிறது, பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வட்டமாக ஓடும் கீறலோ தடத்தோடு சேர்ந்தே போகிறது. அதுதான் ஆபத்து. சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மாமல்லபுரத்தில் இன்னொரு தொல்லை. சிற்பக் கூடங்களிலிருந்து பறக்கும் கருங்கல் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. சிடியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைவிட அது பல மடங்கு கடினம். கைலி முனையால் ஒரு துடைப்பு துடைத்தால் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. முதலில் தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றித் துடைப்பதே சரி.

பலர் கவனிக்காதது படம் அச்சிட்ட பக்கம். லேசர் படிக்கும் அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. அதில் விழுந்த கீறலைத் தேய்த்து மழுக்கலாம். மேல்பக்கத்திலோ அலுமினியப் பூச்சுக்கு மேல் மெல்லிய அரக்குப் படலம் மட்டுமே. அங்கே பேனா முனை கீறினால் பூச்சே பெயர்ந்துவிடும். படலம் விட்ட இடத்தில் கடற்கரையின் ஈரமும் உப்பும் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகும். தட்டை விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான். டிவிடியில் பூச்சு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தப் பயம் குறைவு.

வாடகைப் படம் போனால் வேறு பிரதி கிடைக்கும். பீரோவில் இருக்கும் கல்யாண சிடிக்கு அது கிடையாது. வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த அந்தத் தட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலிலும் வெப்பத்திலும் கீறலே இல்லாமல் அது மங்கும். இன்றே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுத்தால் கைவிட வேண்டாம். வேகத்தைக் குறைத்தோ வேறொரு டிரைவில் போட்டோ பாருங்கள், பல நேரம் படித்துவிடும்.