யுரேக்கா நகரும் அதன் தொழில்களும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர், அவ்வூரவர் எத்தொழிலால் வாழ்ந்தனர் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே, நெவாடா மாநிலத்திலுள்ள யுரேக்கா என்னும் சிற்றூர் இதற்குத் தக்க சான்றாகும். 'கண்டுகொண்டேன்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். 1864ஆம் ஆண்டில் வெள்ளி தேடி வந்தோர் இங்கே மண்ணின்கீழ்ச் செல்வத்தைக் கண்டனர்.

காண்டல் எளிதாயிற்று, பெறுதலோ அரிதாயிற்று. தாதுவில் வெள்ளியோடு ஈயமும் மிகுதியாகக் கலந்திருந்தமையால் அதனைப் பிரித்தல் கடினமாயிருந்தது. 1869இல் உருக்கும் முறை கைவந்த பின்னரே நகர் வளர்ந்தது. 1873இல் அது தனிக் கவுண்டியின் தலைநகராயிற்று. 1875இல் பலிசேடு என்னும் ஊரிலிருந்து புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது.

உலைகளுக்கு வேண்டிய எரிபொருள் மரக்கரியே. இத்தாலியரும், இத்தாலிய மொழி பேசும் சுவிற்சலாந்தினரும் மலைகளில் பைன், யுனிப்பர் மரங்களை வெட்டிக் கரி சுட்டனர். சில ஆண்டுகளுள் நகரைச் சூழ்ந்த மலைகள் பல மைல் தூரம் மொட்டையாயின. பைன் கொட்டைகளை உணவாகக் கொண்ட சொசோனிப் பழங்குடியினர் தம் வாழ்வாதாரத்தை இழந்தனர். காடு விலக விலகக் கரி கொணரும் செலவு ஏறிற்று. கொள்வோரோ விலையைக் குறைக்க முற்பட்டனர். கரிசுடுவோர் சங்கம் அமைத்து, புசலுக்கு 30 சதம் கேட்டனர். அப்பிணக்கின் முடிவில், 1879 ஆகத்து 18ஆம் நாள், அவர்களுள் ஐவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

தாது அருகியதாலும் சுரங்கங்களில் நீர் புகுந்ததாலும் 1891ஆம் ஆண்டளவில் பேருலைகள் அவிந்தன. ஆயினும் ஊர் அழிந்திலது. சுரங்கத்தார்க்கு இறைச்சி அளித்துவந்த மேய்ச்சற் பண்ணைகளே பின்னர் அதனைத் தாங்கின. கோடையில் மலையிலும், மாரியில் ஊற்றுநீரால் விளைந்த வைக்கோற் புல்லாலும் ஆடுமாடுகள் பேணப்பட்டன. புகையிரதமும் 1938 வரை ஓடிற்று.

1960களில் வடக்கேயுள்ள டைமண்ட் பள்ளத்தாக்கில் ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டு, அல்பல்பா என்னும் தீவனப் பயிர் பெருகிற்று. நிலத்தடியில் ஆண்டுதோறும் ஊறும் நீரின் அளவு ஏறத்தாழ 30,000 ஏக்கர் அடி. அரசு வழங்கிய உரிமைகளோ அதனின் நான்கு மடங்கு. நீர்மட்டம் தாழ்ந்தது, பழைய பண்ணைகளின் ஊற்றுக்கள் வற்றின. முந்தி எடுத்தவர்க்கே முதலுரிமை என்பது அம்மாநிலச் சட்டம். ஆயின் அதனை முற்றாகச் செலுத்தின் பிந்திய கிணற்றுக்காரர் பலர் நிலமிழப்பர். ஆதலின் எல்லாரும் படிப்படியாக நீரைக் குறைத்தல் என விவசாயிகளே ஒரு திட்டம் வகுத்தனர். முன்னுரிமையாளர் சிலர் வழக்காடினும், 2022இல் மாநில உயர்நீதிமன்றம் அத்திட்டத்தை ஏற்றது.

தாது, காடு, நீர் என்னும் மூன்றினுள் முதலிரண்டும் அளவறியாது எடுக்கப்பட்டன. நீரின் பொருட்டு மட்டுமே அவ்வூரார் ஒருங்கிருந்து அளவு வகுத்தனர். கண்டுகொள்ளுதலினும் அரியது காத்துக்கொள்ளுதல் என்பதை யுரேக்கா மிகப் பிந்தியே கற்றது.