வக்கீல் ஃபீஸ் எவ்வளவு? வக்காலத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது



ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கணும்னா நாலு கடை ஏறி இறங்குறோம். வாரண்டி எத்தனை வருஷம், டெலிவரிக்குத் தனியா காசு உண்டா, எல்லாம் விசாரிக்கிறோம். ஆனா வக்கீல் ஆபீஸ்ல போய் உட்கார்ந்ததும் நமக்கு வாயே வர மாட்டேங்குது. "மொத்தம் எவ்வளவு சார் ஆகும்?"னு கேட்டா தப்பா நினைச்சுக்குவாரோன்னு ஒரு தயக்கம். "அதெல்லாம் பார்த்துக்கலாம், முதல்ல பேப்பரைக் கொடுங்க"ன்னு அவர் சொன்னதும் தலையாட்டிட்டு வந்துடுறோம். ரெண்டு வருஷம் கழிச்சு, இதுவரைக்கும் எவ்வளவு கொடுத்தோம்னு நமக்கே கணக்கு தெரியாது.

வக்கீல்கள் எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு சொல்ல வரல. நான் பார்த்த வரைக்கும் பாதி சண்டை, எந்த வேலைக்கு எந்தப் பணம்னு ரெண்டு பேருமே முதல்ல பேசாததாலதான் வருது. அதனால ஒரு உதாரணத்தை வெச்சே பார்த்துடுவோம்.

8 லட்சம் கைமாத்து

தெரிஞ்சவர் ஒருத்தருக்கு 8 லட்சம் ரூபாய் கொடுத்தீங்க. புரோநோட் எழுதி வாங்கியிருக்கீங்க, வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. 20 மாசம் ஆச்சு, வட்டியும் வரல, அசலும் வரல. இப்போ வக்கீலைப் பார்க்கப் போறீங்க.

அவர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி ஃபீஸ் இல்ல. "கேஸ் போட எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?" இதுதான் முதல் கேள்வி. கேட்கும்போது திருப்பித் தரணும்னு எழுதின புரோநோட்டுக்கு, எழுதின தேதியில இருந்து 3 வருஷம்தான் கெடு. நடுவுல அவர் ஏதாவது பணம் கொடுத்து, புரோநோட் பின்னாடி வரவு எழுதி கையெழுத்தும் போட்டிருந்தா, அந்தத் தேதியில இருந்து புதுசா 3 வருஷம். ஆனா அந்த வரவு பழைய கெடு முடியறதுக்குள்ள நடந்திருக்கணும். செக் திரும்பின கேஸ்னா டைம் இன்னும் கம்மி. பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கிடைச்சவருக்கு 15 நாள் அவகாசம், அதுக்குள்ள பணம் வரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார் போடணும். "அவர் தர்றேன்னு சொல்லியிருக்கார், பொறுத்துப் பார்ப்போம்"னு இருந்தே பணத்தை விட்டவங்க நிறைய பேர்.

அடுத்தது கோர்ட் ஃபீஸ். இது வக்கீலுக்குப் போற பணம் இல்ல, அரசாங்கத்துக்குப் போறது. தமிழ்நாட்டுல பணம் வசூலிக்கிற வழக்குக்கு முன்னாடி 7.5 சதவீதம் இருந்துச்சு. 2017-ல அதை 3 சதவீதமா குறைச்சாங்க. அசலுக்கு மட்டும் இல்ல, கேஸ் போடுற நாள் வரைக்கும் நீங்க கேட்கிற வட்டிக்கும் சேர்த்துதான் கணக்கு. 8 லட்சம் அசல், 20 மாச வட்டி 1.6 லட்சம், ஆக 9.6 லட்சம். அதுல 3 சதவீதம் 28,800 ரூபாய். இந்தத் தொகையை நீங்களே கணக்கு போட்டுடலாம். அதனால வக்கீல் ஒரே தொகையா "எல்லாம் சேர்த்து 80,000 ஆகும்"னு சொன்னா, "இதுல கோர்ட் ஃபீஸ் எவ்வளவு, உங்க ஃபீஸ் எவ்வளவு சார்?"னு பிரிச்சுக் கேளுங்க. கோர்ட் ஃபீஸ் கட்டினதுக்கான ரசீது காப்பியும் வாங்கி வெச்சுக்கங்க. அது ஏன் முக்கியம்னு கடைசியில சொல்றேன்.

தீர்ப்பு வந்தா பணம் வந்துடுமா?

வராது! இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க.

கேஸ் ஜெயிச்சா கோர்ட் உங்களுக்கு ஒரு டிகிரி கொடுக்கும். "இன்னார் இன்னாருக்கு இவ்வளவு தரணும்"னு ஒரு உத்தரவு, அவ்வளவுதான். எதிராளி அதை மதிச்சுப் பணத்தைக் கொண்டு வந்து கட்டினா சரி. கட்டலைன்னா நீங்க திரும்ப அதே கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்று மனு போடணும். கோர்ட்ல இதை இ.பி.ன்னு சொல்லுவாங்க. டிகிரி கிடைச்சதுல இருந்து 12 வருஷம் வரைக்கும் இதைப் போடலாம். சொத்தை ஜப்தி பண்றது, சம்பளத்தைப் பிடிக்கிறது எல்லாம் இந்தக் கட்டத்துலதான் நடக்கும்.

பல வக்கீல்கள் முதல்ல சொல்ற ஃபீஸ் தீர்ப்பு வரைக்கும்தான். இ.பி.க்குத் தனி ஃபீஸ், எதிராளி அப்பீல் போனா அதுக்குத் தனி ஃபீஸ். அது தப்பே இல்ல, அது தனி வேலைதான். ஆனா நம்ம மனசுல 60,000 கொடுத்தா பணம் கைக்கு வந்துடும்னு ஓடிட்டு இருக்கும், அவர் மனசுல தீர்ப்பு வந்தா வேலை முடிஞ்சதுன்னு இருக்கும். அதனால இப்படிக் கேளுங்க: "நோட்டீஸ் அனுப்புறது, கேஸ் ஃபைல் பண்றது, சாட்சி விசாரணை, வாதம், இ.பி. இதுல எது வரைக்கும் சார் இந்த ஃபீஸ்?" ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா பணமா, மொத்தமா ஒரே தொகையா, குமாஸ்தா செலவு, டைப்பிங், ஜெராக்ஸ், சம்மனுக்குக் கட்டுற பேட்டா யார் கணக்குன்னும் அப்பவே கேட்டுடுங்க. கோர்ட்டுக்கு அவரே வருவாரா, ஜூனியர் வருவாரான்னும் கேட்கலாம். ஜூனியர் வந்தா குறைச்சல் இல்ல, ஆனா சாட்சி விசாரணை அன்னைக்கு யார் நிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியணும்.

இதைவிட முக்கியமான ஒரு கேள்வியை நீங்க உங்களையே கேட்கணும். எதிராளிகிட்ட பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? அவர் பேர்ல வீடோ நிலமோ இருந்தா நிலைமை வேற. வெறும் மாசச் சம்பளம்னா, அதுல முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது, மீதியில மூணுல ஒரு பங்குதான் பிடிக்கலாம், அதுவும் ஒரு டிகிரிக்கு மொத்தம் 24 மாசம்தான். மாசம் 25,000 வாங்குறவர்னா 24,000-ல மூணுல ஒண்ணு, அதாவது மாசம் 8,000. ரெண்டு வருஷத்துக்கு 1,92,000. உங்க 9.6 லட்சத்துக்கு முன்னாடி இதை வெச்சுப் பாருங்க! இந்தக் கணக்கைப் போடாம 60,000 ஃபீஸும் 28,800 கோர்ட் ஃபீஸும் கட்டுறது கண்ணை மூடிட்டு முதலீடு பண்ற மாதிரி. அவர் சொத்தை அவசரமா வித்துட்டு இருக்கார்னு ஆதாரம் இருந்தா, தீர்ப்புக்கு முன்னாடியே ஜப்தி கேட்கவும் வழி இருக்கு. அதையும் முதல் நாளே வக்கீல்கிட்ட சொல்லிடுங்க.

"ஜெயிச்சா 20 பர்சன்ட் கொடுங்க, இப்போ எதுவும் வேணாம்"

கேட்க நல்லாத்தான் இருக்கும். விபத்து இழப்பீடு கேஸ்கள்ல இது ரொம்ப சகஜம். ஆனா இந்திய பார் கவுன்சில் விதிப்படி, கேஸ் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசவோ, கிடைக்கிற தொகையில பங்கு கேட்கவோ வக்கீலுக்கு அனுமதி இல்ல. அமெரிக்கப் படங்கள்ல வர்றது அங்க நடைமுறை, இங்க இல்ல. உங்களை அப்படி யாராவது கூப்பிட்டா அவர் விதியை மீறுறார்னு தெரிஞ்சுக்கங்க. அதே மாதிரி விளம்பரம் பண்ணி ஆள் பிடிக்கவும் அவங்களுக்குத் தடை இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்லயே கார்டு நீட்டுற ஆளை நம்ப வேணாம்.

இன்னொரு சின்ன விஷயம். தனிநபரா நீங்க உங்க சொந்த விஷயத்துக்கு வக்கீல் வெச்சா அந்த ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லுல 18 சதவீதம் போட்டிருந்தா ஏன்னு கேளுங்க.

பணத்தை முடிஞ்சவரை பேங்க் மூலமாவோ யு.பி.ஐ.லயோ கொடுங்க. குறிப்புல "சாட்சி விசாரணை ஃபீஸ்", "கோர்ட் ஃபீஸ்"னு எழுதிடுங்க. மொத்தத்தையும் முதல் நாளே கொடுக்காம கட்டம் கட்டமா பேசிக்கிறது ரெண்டு பேருக்குமே நல்லது.

கையெழுத்தும் காகிதமும்

வக்காலத்துங்கிறது உங்க சார்புல ஆஜராக அவருக்கு நீங்க கொடுக்கிற அதிகாரம். அதுல யார் பேர் இருக்குன்னு படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்து போடுங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேட்டா, "நாளைக்கு நேர்ல வந்தே போட்டுடுறேன் சார்"னு மரியாதையா சொல்லிடுங்க. நீங்க வெளியூர்ல இருந்தாலும் இதுல விட்டுக்கொடுக்க வேணாம்.

ஒரிஜினல் புரோநோட்டைக் கடைசியில கோர்ட்ல தாக்கல் பண்ணித்தான் ஆகணும். ஆனா அதுவரைக்கும் ஜெராக்ஸே போதும். ஒரிஜினல் கொடுக்கிற அன்னைக்கு, என்னென்ன கொடுத்தீங்கன்னு ஒரு லிஸ்ட் எழுதி, வக்கீல் ஆபீஸ்ல "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்கிக்கங்க. எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி வைங்க. வரவு எழுதினது பின்பக்கம்தானே இருக்கு!

"கேஸ் ஃபைல் பண்ணியாச்சு"

இந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. பேப்பரைக் கோர்ட்ல கொடுத்தாலும் ஃபைல் பண்ணினதுதான். ஆனா கோர்ட் ஆபீஸ்ல அதைச் சரிபார்த்து, குறை இருந்தா ரிட்டர்ன் போடுவாங்க. குறையைச் சரிசெஞ்சு திரும்பக் கொடுத்து, அப்புறம்தான் கேஸ் நம்பர் ஆகும். ரிட்டர்ன் ஆன கட்டு மாசக்கணக்கா அலமாரியிலேயே கிடக்கிறதும் உண்டு. அதனால "ஃபைல் பண்ணியாச்சா?"ன்னு கேட்காதீங்க, "நம்பர் ஆயிடுச்சா?"ன்னு கேளுங்க. நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்ல போட்டுடுங்க. அடுத்த வாய்தா என்னைக்கு, போன வாய்தாவுல என்ன நடந்துச்சுன்னு இலவசமாப் பார்த்துக்கலாம். இதுக்காக தினமும் வக்கீலுக்கு போன் போட வேண்டாம், அவருக்கும் நிம்மதி.

யாரும் ஆஜராகாம கேஸ் தள்ளுபடி ஆனா, அதைத் திரும்ப எடுக்க 30 நாள்தான். ஆப்பை வாரம் ஒருதடவை பார்க்கிறவருக்கு இது அன்னைக்கே தெரியும், பார்க்காதவருக்கு ஒரு வருஷம் கழிச்சுத் தெரியும்.

வக்கீலை மாத்தலாமா?

தாராளமா மாத்தலாம். புது வக்கீல் ஆஜராக பழையவர்கிட்ட இருந்து சம்மதம் வாங்கணும். அவர் தர மறுத்தா, காரணத்தைச் சொல்லி கோர்ட்லயே அனுமதி கேட்கலாம். "பாக்கி ஃபீஸ் கொடுத்தாதான் கட்டைத் தருவேன்"னு சொன்னா? ஃபீஸ் பாக்கிக்காக கட்சிக்காரரோட கட்டைப் பிடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் 2000-லயே சொல்லிடுச்சு. அதுக்காக அவர் செஞ்ச வேலைக்கான பணத்தைக் கொடுக்காம போயிடலாம்னு அர்த்தம் இல்ல. அவர் பாக்கியைத் தனியா வசூலிக்க வழி இருக்கு.

நடத்தை சரியில்லைன்னா மாநில பார் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். நம்ம ஊருக்கு அது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். கண்டிக்கிறதுல இருந்து பதிவையே நீக்குறது வரைக்கும் அதுக்கு அதிகாரம் உண்டு. "சேவைக் குறைபாடு"ன்னு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமான்னா, 2024 மே மாசத்துல இருந்து அந்தக் கதவு மூடிடுச்சு. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வராதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கொடுத்திருக்கு. எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஆனா இன்னைக்குச் சட்டம் அதுதான்.

வக்கீலே வேண்டாம்னா?

உங்க கேஸை நீங்களே நடத்தலாம். நுகர்வோர் ஆணையத்துல இது இன்னும் சுலபம். நீங்க கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணமே இல்ல. சிவில் கோர்ட்ல சாட்சி விசாரணை வரைக்கும் போற கேஸை மட்டும் தனியா நடத்துறதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் இல்லைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் வெச்சுக் கொடுக்கும். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவல்ல இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் வருமான வரம்பே கிடையாது. 8 லட்சம் கொடுத்தது உங்க அம்மாவா இருந்து, புரோநோட்டும் அவங்க பேர்ல இருந்தா, அவங்க தகுதியானவங்கதான். 15100-க்கு போன் பண்ணிக் கேளுங்க. கேஸ் போடுறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துக்கு மனு கொடுக்கவும் முடியும், அதுக்கு கோர்ட் ஃபீஸ் இல்ல. அங்க முடிஞ்சா அது டிகிரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

அந்த ரசீது எதுக்குன்னா

கேஸ் நடக்கும்போதே எதிராளி இறங்கி வந்து, "6 லட்சம் தர்றேன், முடிச்சுக்கலாம்"னு சொல்லலாம். லோக் அதாலத்துலயோ மத்தியஸ்த மையத்துலயோ முடிஞ்சா, நீங்க கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ரெண்டு பேரும் வெளியிலயே பேசி முடிச்சுக்கிட்டா கிடைக்குமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. சென்னை ஹைகோர்ட்ல இருந்து போன ஒரு கேஸ்ல, அதுக்கும் உண்டுன்னு 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம உதாரணத்துல அது 28,800 ரூபாய். சமரச மெமோ போடுற அன்னைக்கே, "கோர்ட் ஃபீஸ் ரீஃபண்டுக்கும் சேர்த்து மனு போட்டுடுங்க சார்"னு வக்கீல்கிட்ட நீங்களே ஞாபகப்படுத்துங்க.