மலையில்லா ஊரிலிருந்து மலைக்குக் கிளம்பும் வீடு

டென்மார்க்கில் ‘ஹிம்மல்பியர்கெட்’ என்று ஒரு மலை இருக்கிறது. வானமலை என்று பொருள். எவ்வளவு உயரம் தெரியுமா? 147 மீட்டர்! சிரிக்காதீர்கள். அந்த நாட்டின் மிக உயரமான இயற்கை மேடான மொல்லஹோய்கூட 171 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். கடல்மேல் கட்டிய ஸ்டோரெபெல்ட் பாலத்தின் தூண்களோ 254 மீட்டர். மலையைவிடப் பாலம் உயரமாக இருக்கும் நாடு அது.

தலைநகர் கோப்பன்ஹேகன் தோசைக்கல் மாதிரி தட்டை. அதனால்தான் அங்கே எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். பனிச்சறுக்கு விளையாட ஆசை வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? குப்பையை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தரும் ஆலை ஒன்றின் கூரையையே சரிவாகக் கட்டி, 2019-ல் அதைச் சறுக்குத்தளமாகத் திறந்துவிட்டார்கள். உயரம் 85 மீட்டர். கிட்டத்தட்ட நம் சென்னைப் பரங்கிமலை.

இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளை நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள். கோடை விடுமுறைக்கு அப்பா ஓர் ‘ஆட்டோகேம்பர்’ வாடகைக்கு எடுக்கிறார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டு வண்டிக்கு டென்மார்க்கில் அதுதான் பெயர். நீளம் 7 மீட்டர், உயரம் 3 மீட்டர், ஆட்களும் சாமானும் சேர்ந்து எடை 3,500 கிலோ. போகும் இடம் நார்வே. ஓரசுண்ட் பாலத்தில் கடலைத் தாண்டி ஸ்வீடன், அப்புறம் ஆஸ்லோ, அங்கிருந்து மலைநாட்டு ஊரான லேர்டால். சுமார் 900 கிலோமீட்டர்.

லேர்டாலிலிருந்து ஆவுர்லாண்ட் என்ற ஊருக்குப் போக இரண்டு வழி. ஒன்று மலைமேல் ஏறி இறங்கும் பழைய சாலை. 47 கிலோமீட்டர் நீளம், உச்சி 1,306 மீட்டர். கோடையிலும் ஓரத்தில் பனி குவிந்து கிடக்கும் என்பதால் ‘பனிச்சாலை’ என்றே பெயர். இன்னொன்று மலைக்குள் போகும் சுரங்கச் சாலை.

“மேல் றோட்டாலை போவமே அப்பா?” என்று நீங்கள் கேட்பீர்கள்.

“பொறு பிள்ளை, முதல்ல கணக்குப் பாப்பம்” என்பார் அப்பா.

அந்தக் கணக்கைத்தான் நாமும் பார்க்கப் போகிறோம்.

மழை விட்டதும் சைக்கிளை எடுத்து, முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டு உடனே வட்டமாகத் திருப்புங்கள். இறங்கிப் பாருங்கள். தரையில் இரண்டு ஈரக்கோடுகள் இருக்கும். முன்சக்கரத்தின் கோடு வெளியே, பின்சக்கரத்தின் கோடு உள்ளே. முன்சக்கரம் போன வழியிலேயே பின்சக்கரம் போகாது. வளைவைச் சுருக்கிக்கொண்டு போகும். வண்டி நீள நீள இந்தச் சுருக்கம் அதிகமாகும். நம் வீட்டு வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 4 மீட்டர் தூரம். முன்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரம் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடும். பித்தகோரஸ் தேற்றம் படித்த அக்காவிடம் கொடுங்கள், போட்டுக் காட்டுவாள்.

உள்பக்கம் பாறை இருந்தால் வண்டியின் வயிறு உரசும். அதற்குப் பயந்து வெளியே ஒதுங்கினால், எதிரே வரும் வண்டிக்கு இடமில்லை. பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதி வேறு, திரும்பும்போது எதிர்ப்பக்கமாக வீசும். கொண்டை ஊசி வளைவில் நம் ஊர்ப் பஸ் டிரைவர்கள் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்வதன் ரகசியம் இதுதான். நார்வேயில் 11 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ‘டிரோல்ஸ்டீகன்’ என்ற சாலை 1936-ல் திறக்கப்பட்டது. மிக நீளமான வண்டிகளுக்கு அங்கே அனுமதியே இல்லை.

சரி, வளைவை எப்படியோ சமாளித்துவிட்டோம். ஏற்றம்தானே கஷ்டம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஏறும்போது என்ஜின் முனகும், வேகம் குறையும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது.

உச்சியில் நிற்கும் வண்டியிடம் அதன் எடையும் உயரமும் சேர்ந்து கொடுத்த ஆற்றல் இருக்கிறது. கீழே வரும்போது அந்த ஆற்றல் காணாமல் போகாது. வேகமாக மாறும், அல்லது வெப்பமாக மாறும். வேகமாக மாறவிட்டால் அடுத்த வளைவில் வண்டி வானத்துக்குப் போய்விடும்! ஆகவே வெப்பமாக மாற்ற வேண்டும். எவ்வளவு வெப்பம்? 3,500 கிலோ வண்டி 1,300 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சுமார் 130 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய டிரம் நிறைய வெந்நீர்! எதிர்க்காற்றும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தால்? அங்கே இருப்பவை சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள நாலு இரும்புத் தட்டுகள். அவை பழுக்கக் காயும், கருகிய வாடை வரும், பிரேக்கின் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டானால் இன்னும் மோசம். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இதற்கு மலையோரத்து டிரைவர்களிடம் பழைய விதி ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ, அந்த கியரிலேயே இறங்கு. சின்ன கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், என்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதில் சக்கரம் என்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி, விட்டு, ஆறவிடலாம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடன் தயவுசெய்து மலைக்குப் போகாதீர்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. கோப்பன்ஹேகன் பிள்ளைகள் சைக்கிளை விட்டுவிட்டு வருவார்களா? நாலு சைக்கிளையும் வண்டியின் முதுகில் மாட்டினால் 60 கிலோ. ஆனால் அவை தொங்குவது பின்சக்கரத்துக்கும் இரண்டரை மீட்டர் பின்னால். சீசாப் பலகை ஆடியிருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். பின்சக்கரங்களின் மேல் கிட்டத்தட்ட 100 கிலோ கூடும்; முன்சக்கரங்களின் மேல் கிட்டத்தட்ட 40 கிலோ குறையும். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரமாக இருந்தால், ஈரமான ஏற்றத்தில் அது வழுக்கத் தொடங்கும். கனமான சாமானை வண்டியின் நடுவில், தரைமட்டத்தில் வைப்பதே நல்லது.

இப்போது அந்த இரண்டு வழிகளுக்கு வருவோம். பனிச்சாலை ஆவுர்லாண்ட் பக்கம் கடல் மட்டம் வரை இறங்குகிறது. கடைசியில் வரும் ஸ்டெகாஸ்டீன் என்ற காட்சிமேடை 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பிறகு சுமார் 8 கிலோமீட்டர், குறுகலான வளைவுகள். சராசரியாக 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறக்கம். காருக்குச் சரி. நம் வீட்டுக்கு வேண்டாம்.

சுரங்கம் 2000-ல் திறக்கப்பட்டது. நீளம் 24.5 கிலோமீட்டர், சாலைச் சுரங்கங்களில் உலகிலேயே நீளமானது. இருபது நிமிடம் ஒரே இருட்டுக் குழாயில் ஓட்டினால் டிரைவருக்குக் கண் சொருகும், மனம் திணறும். அதனால் உள்ளே மூன்று இடங்களில் பெரிய குகைபோலக் குடைந்து, நீல விளக்கும், ஓரத்தில் விடியற்காலை மாதிரி மஞ்சள் விளக்கும் வைத்திருக்கிறார்கள். வண்டியின் எடையைப் போலவே மனிதனின் தூக்கத்தையும் பொறியாளர்கள் கணக்கில் எடுத்தார்கள். எனக்கு அந்தச் சுரங்கத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆகவே சுரங்கம். காட்சிமேடையைப் பார்க்காமல் போவதா என்று முகத்தைத் தூக்காதீர்கள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் பார்த்து வரலாம்.

நார்வே தூரம் என்றால் கொல்லிமலை இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவுகளுடன். அடுத்த முறை அங்கிருந்து பஸ்ஸில் இறங்கும்போது முன் சீட்டில் இடம் பிடியுங்கள். டிரைவரின் கை எந்த கியரில் இருக்கிறது, கால் எத்தனை தடவை பிரேக்குக்குப் போகிறது என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள். அவரிடம் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.