பார்வையைப் பிடித்து நிறுத்தும் படிப்பு

டெக்சஸில் உள்ள ஆலன் நகரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃபுட்பால் ஆட 6 கோடி டாலரில் கட்டிய 18,000 இருக்கை ஸ்டேடியம்தான். அங்கிருந்து தெற்கே அரை மணி நேரம் போனால் டல்லஸின் ஃபேர் பார்க். 1947-ல் மார்கோ ஜோன்ஸ் என்ற பெண் இயக்குநர் அங்கே தொடங்கிய நாடக அரங்கில் 198 பேர்தான் உட்கார முடியும். நடுவில் நடிகர்கள், சுற்றிலும் ஜனங்கள். திரை கிடையாது. டென்னசி வில்லியம்ஸின் 'சம்மர் அண்ட் ஸ்மோக்' முதலில் மேடையேறியது அந்தச் சின்ன இடத்தில்தான்.

இப்படிப்பட்ட மேடைகளுக்காகக் காலேஜில் நாடக இயக்கம் படிக்கிறேன் என்று நம் வீட்டுப் பிள்ளை சொன்னால், "அதுல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்காத அப்பா அபூர்வம். நியாயமான கேள்விதான். பதில் கண்ணில் தொடங்குகிறது.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் சுமார் 2 பாகை. ஒரு நேரத்தில் நம் கண் மிகத் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவைத்தான். மற்றதெல்லாம் மங்கல், மூளைதான் ஒட்டுப்போட்டு முழுப் படமாகக் காட்டுகிறது. சினிமாவில் எதைப் பார்ப்பது என்பதை கேமரா முடிவு செய்துவிடுகிறது. மேடையில் அந்தச் சௌகரியம் இல்லை. நாயகி அழும்போது ஓரத்தில் நிற்கும் சேவகன் மூக்கைச் சொறிந்தால் காட்சி போச்சு. ஓரப்பார்வைக்குத் துல்லியம் குறைவு என்றாலும் அசைவைச் சட்டென்று பிடித்துவிடும்.

அதனால் இயக்கம் படிப்பவர்கள் தொடக்கத்தில் செய்யும் பயிற்சிகள் குழந்தை விளையாட்டு போலவே இருக்கும். ஐந்து பேரை நிற்கவைத்து ஒருவரை உட்காரவைத்தால் கண் அவரிடம் போகிறது. எல்லாரும் ஒரு திசையில் பார்த்தால் நாமும் அங்கே பார்க்கிறோம். யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அலெக்சாண்டர் டீன் இவற்றையெல்லாம் முறைப்படுத்தினார். அவர் மறைந்தபின் 1941-ல் வெளியான நூல், பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப்புத்தகமானது.

நம் தெருக்கூத்துக்காரர்களுக்கு இது பழகிய வித்தை. துரியோதனன் வருவதற்குமுன் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைச் சத்தம், உள்ளிருந்து பாட்டு. ஆள் முழுசாகத் தெரிவதற்குள் களத்தில் இருக்கும் அத்தனை கண்ணும் அங்கே குவிந்திருக்கும். ஸ்பாட்லைட் செய்யும் வேலையை ஒரு துணித்திரை செய்துவிடுகிறது.

மார்கோவின் வட்ட அரங்கில் சிக்கல் வேறு. நடிகர் எப்படி நின்றாலும் யாரோ ஒருவருக்கு முதுகுதான் தெரியும். நடிப்பவர்களை மூலைவிட்டமாக நிறுத்துவது, பார்வையாளர் வரிசைகளுக்கு இடையிலுள்ள வழியை ஒட்டி நிறுத்தி மறைப்பைக் குறைப்பது, ஒரே நிலையில் நெடுநேரம் விடாமல் நகர்த்துவது, உயரமான மேசை நாற்காலிகளைத் தவிர்ப்பது: வட்டத்தில் இயக்குகிறவர்கள் கையாளும் வழிகள் இவை. காட்சி முடிந்தால் விளக்கை அணைக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் மார்கோ எந்தப் பட்டப்படிப்பில் படித்தார்? ஆலனிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள டென்டன் நகரில், இன்று டெக்சஸ் உமன்ஸ் யுனிவர்சிட்டி என்று பெயர் மாறியிருக்கும் கல்லூரியில் 1932-ல் அவர் வாங்கியது பேச்சுக்கலைப் பட்டம். பிறகு எடுத்தது உளவியல் முதுகலை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இப்சனின் நாடகங்களில் வரும் மனப்போராட்டங்களை. இயக்குநராக விரும்பியவருக்கு அது சுற்றுவழி என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று இளங்கலையிலேயே பிரதி வாசிப்பு, நடிப்பு, ஒளியமைப்பு எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்த பயிற்சி, எந்தக் கதையும் சொல்லாத ஒரு சின்ன உரையாடலைக் கொடுப்பது. இப்படி:

"வந்துட்டியா?"
"ம்."
"எப்போ கிளம்பணும்?"
"தெரியல."

ஒரு மாணவி இருவருக்கும் நடுவே காலிக் கட்டில் ஒன்றைப் போடுகிறாள். முதல் ஆள் கட்டிலையே பார்த்துக்கொண்டு கேட்கிறார். அது ஆஸ்பத்திரி ஆகிவிடுகிறது. இன்னொருவன் கட்டிலை எடுத்துவிட்டு ஒரு பெட்டியை வைக்கிறான். இரண்டாவது ஆள் அதன்மேல் உட்கார்ந்தபடி "தெரியல" என்கிறாள். கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஏன் வந்தாள் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அடுத்து வகுப்பில் நடப்பது பாராட்டோ மதிப்பெண்ணோ அல்ல, விசாரணை. "இரண்டாவது வரியில் யாரைப் பார்த்தீர்கள்?" என்று ஆசிரியர் ஒவ்வொருவரையும் கேட்கிறார். இயக்கியவர் நினைத்த இடமும் பார்த்தவர்கள் சொல்லும் இடமும் பொருந்தாவிட்டால், பெட்டியை இரண்டடி நகர்த்திவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து.